பேட்டரியிலிருந்து டிக்கி வரை: ஆம்ப் ஒயரிங் கேள்வி பதில்

கேள்வி: என் ஹேட்ச்பேக் காரில் 500 வாட்ஸ் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரும் திறன்) மோனோ ஆம்ப்பும் (ஒரே சேனல் ஆம்ப்ளிஃபயர்) 12 இன்ச் சப் ஊஃபரும் (பேஸ் ஸ்பீக்கர்) மாட்டப் போகிறேன். ஆம்ப்பில் 30 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு இருக்கின்றன. 8 கேஜ் ஒயர் கிட் போதும் என்கிறார் கடைக்காரர். போதுமா? பேட்டரி பக்கம் எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் போட வேண்டும்?
– வாசகர், திருப்பூர்

பதில்: 8 கேஜ் போதாது. கேஜ் எண் குறையக் குறைய ஒயர் தடிமன் கூடும். ஆம்ப்களில் கிளாஸ் டி, ஏபி என வகைகள் உண்டு. உங்களுடையது கிளாஸ் டி ஆம்ப் என்றால் அதன் திறன் ஏறத்தாழ 80 சதவீதம். 500 வாட்ஸ் வெளியே தர 625 வாட்ஸ் உள்ளே இழுக்கும். வண்டி ஓடும்போதுள்ள 13.8 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 45 ஆம்பியர். 8 கேஜ் காப்பரின் குறுக்குப் பரப்பு 8.4 சதுர மில்லிமீட்டர்தான். பேட்டரியிலிருந்து டிக்கிக்கு 5 மீட்டர் ஓடினால், அந்த ஆம்பியரில் அரை வோல்ட் வழியிலேயே போய்விடும். 21 சதுர மில்லிமீட்டர் உள்ள 4 கேஜில் இழப்பு 0.2 வோல்ட்டுக்குள் நிற்கும். 4 கேஜே வாங்குங்கள். ஏபி கிளாஸ் ஆம்ப்பாக இருந்தால் திறன் 55 சதவீதம் அளவுதான், அதே 500 வாட்ஸுக்கு 65 ஆம்பியர் கேட்கும்.

பெட்டியில் ‘4 கேஜ்’ என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். விலை குறைந்த கிட்டுகளில் பெரும்பாலும் வருவது சிசிஏ, அதாவது அலுமினியத்தின் மேல் மெல்லிய காப்பர் பூச்சு. அதன் மின்தடை அசல் காப்பரைவிட ஒன்றரை மடங்குக்கும் அதிகம். ஓர் இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் சிசிஏ. எடை இன்னும் நல்ல சாட்சி: அசல் 4 கேஜ் காப்பர் 5 மீட்டர் ஒரு கிலோவைத் தாண்டும். அரை கிலோ, முக்கால் கிலோவில் நின்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஃபியூஸ் 80 ஆம்பியர் போடுங்கள். ஆம்ப்பைக் காக்க அதிலேயே மொத்தம் 60 ஆம்பியருக்கு இரண்டு ஃபியூஸ்கள் இருக்கின்றன. பேட்டரி பக்க ஃபியூஸ் காப்பது ஒயரை. நடுவழியில் ஒயரின் மேலுறை கிழிந்து பாடியில் பட்டால், சிறிய கார் பேட்டரிகூட நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். ஒயர் அடுப்புச் சுருள்போலச் சிவந்து, மேலே கிடக்கும் கார்ப்பெட்டைப் பற்றவைக்கும். அதனால்தான் ஃபியூஸ் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஆம்ப்புக்குப் பக்கத்தில் மாட்டினால் அதற்கு முன்னால் உள்ள ஒயர் முழுவதும் காப்பில்லாமல் கிடக்கும். ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று பெரிய ஃபியூஸோ கம்பித் துண்டோ வைப்பதை எந்தக் கடைக்காரர் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

கேள்வி: பவர் ஒயரை பானட்டிலிருந்து உள்ளே எப்படிக் கொண்டுவருவது? ஓட்டை போட வேண்டுமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: முதல் வேலை, பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுவது. பிளஸ்ஸை முதலில் கழற்றினால், ஸ்பேனர் பாடியில் உரசிய நொடியே ஷார்ட். ஃபியூஸ் ஹோல்டரையும் ஃபியூஸ் இல்லாமலே மாட்டி வையுங்கள்.

கம்பெனி ஒயரிங் உள்ளே நுழையும் ரப்பர் கிராமெட் (துளை விளிம்பில் மாட்டும் காப்பு வளையம்) ஒன்று ஃபயர்வாலில், அதாவது இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகரச் சுவரில் இருக்கும். அதன் ஓரத்தில் சிறு துளையிட்டு, கெட்டிக் கம்பியின் நுனியில் பவர் ஒயரை டேப்பால் சுற்றி இழுத்துக்கொள்ளலாம். கம்பி கம்பெனி ஒயர்களைக் குத்தாமல் மெதுவாகச் செய்யுங்கள். பெரும்பாலான கார்களில் இதுவே போதும். வேறு வழியே இல்லாமல் துளை போட்டால், மறுபுறம் பிரேக் பைப்போ ஒயர்க் கட்டோ இல்லை என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். விளிம்பை அரத்தால் வழித்து, துரு ஏறாமல் பெயின்ட் தடவி, கிராமெட் போட்ட பிறகே ஒயர் நுழையட்டும். கிராமெட் இல்லாத தகரம் கத்திக்குச் சமம். இன்ஜின் அதிர்வில் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் ஒயரின் மேலுறையை அறுத்துவிடும்.

பானட்டுக்குள் ஒயருக்கு நெளிவுக் குழாய் போட்டு, சைலன்சர் மேனிஃபோல்டு, ஃபேன், ஸ்டீயரிங் தண்டு ஆகியவற்றிலிருந்து தள்ளி, சாண் அளவுக்கு ஒரு டை கட்டுங்கள். உள்ளே வந்ததும் கதவோர மிதிபலகைக்குக் கீழே ஓடட்டும். மஞ்சள் கனெக்டர் கண்ணில் பட்டால் அது ஏர்பேக் இணைப்பு, தொடாதீர்கள். ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப்புக்குப் பாட்டுச் சிக்னலைக் கொண்டுவரும் ஆர்சிஏ கேபிளைக் காரின் மறுபக்கமாகக் கொண்டுபோங்கள். அதுவும் பவர் ஒயரும் குறுக்கிட்டே ஆக வேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

ஒயர் முனைகளில் காப்பர் லக் (போல்ட்டில் மாட்டும் வளைய முனை) வைத்து, அறுகோண கிரிம்பிங் கருவியால் அழுத்துங்கள். சுத்தியலால் தட்டிய லக்கில் இழைகள் தளர்ந்து சூடேறும். ஈயம் வைத்தால் அது இழைகளுக்குள் ஏறி விறைத்து, அதிர்வில் அந்த இடத்திலேயே ஒடியும். எல்லாம் முடிந்து மைனஸைப் பூட்டியபின், கடைசியாக ஃபியூஸ். அப்போது ஒரு சிறு பொறி தெறிக்கும். ஆம்ப்புக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் நிரம்புவதுதான் அது, பயம் வேண்டாம்.

கேள்வி: ஆம்ப் மாட்டியதிலிருந்து ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ‘ஊய்ய்’ என்ற சத்தம் ஏறுகிறது. பாட்டைச் சத்தமாக வைத்தால் ஆம்ப் நின்று நின்று வருகிறது. எர்த்தை சீட் பெல்ட் போல்ட்டில் கொடுத்திருக்கிறார்கள்.
– வாசகர், மதுரை

பதில்: இரண்டு கோளாறுக்கும் வேர் பெரும்பாலும் அந்த எர்த்தில்தான். முதல் பதிலில் கணக்குப் போட்ட ஆம்ப் போன்றது என்றால், பிளஸ் ஒயரில் போகும் 45 ஆம்பியரும் எர்த் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். ஆனாலும் பலரும் பிளஸ்ஸுக்குத் தடிமனான ஒயரும் எர்த்துக்கு மெல்லிய துண்டும் போடுகிறார்கள்.

முதலில் சீட் பெல்ட் போல்ட்டிலிருந்து எடுங்கள். உயிரைத் தாங்கும் போல்ட் அது, நடுவில் லக் செருகினால் அதன் பிடிமானம் மாறிவிடும். மேலும் அதைச் சுற்றியும் பெயின்ட்தான் இருக்கும். டிக்கியில் பாடித் தகடு கனமாக உள்ள இடத்தைத் தேர்ந்து, அடியில் பெட்ரோல் டேங்கும் பைப்பும் இல்லை என்று பார்த்து, உப்புத்தாளால் பளபளவென்று தகரம் தெரியும் வரை தேயுங்கள். 8 மில்லிமீட்டர் போல்ட், பல் வாஷர், நட்டு போட்டு இறுக்கி, மேலே பெயின்ட் தடவுங்கள். பிளஸ் எந்த கேஜோ எர்த்தும் அதே கேஜ். நீளம் 45 சென்டிமீட்டருக்குள்.

மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து ‘0.2 ஓம், நல்ல எர்த்’ என்று முடிவு கட்டாதீர்கள். மீட்டர் ஒயர்களின் தடையே அந்த அளவு இருக்கும். எர்த்தில் உண்மையாகவே 0.1 ஓம் இருந்தால் 45 ஆம்பியரில் 4.5 வோல்ட் தொலையும். சரியான சோதனை இது: இன்ஜின் ஓட, பாட்டு உச்சத்தில் ஒலிக்க, மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறுமுனையை ஆம்ப்பின் எர்த் திருகிலும் வையுங்கள். 0.1 வோல்ட் அளவில் இருந்தால் நல்லது. 0.3-ஐத் தாண்டினால் எங்கோ இணைப்பு கெட்டிருக்கிறது. பிளஸ் பக்கத்தையும் இதேபோல் அளக்கலாம்.

தள்ளிப்போடாதீர்கள். எர்த் முழுதாகக் கழன்றால் ஆம்ப்பின் மின்சாரம் ஆர்சிஏ கேபிளின் மேல்வலை வழியாக ஸ்டீரியோவுக்குள் திரும்பப் பார்க்கும். அங்கேயுள்ள மெல்லிய தடம் எரிந்துபோனால், பிறகு எர்த்தைச் சரிசெய்தாலும் அந்த ஊளை நிற்காது.

புதிய கார்கள் சிலவற்றில் பேட்டரி மைனஸ் முனையிலேயே சென்சார் இருக்கும். அத்தகைய வண்டியில் ஆம்ப் எர்த்தை நேராக அந்த முனையில் பூட்டாமல் பாடியில் கொடுங்கள். இல்லாவிட்டால் ஆம்ப் இழுக்கும் மின்சாரம் சென்சார் கணக்கில் வராது.

கேள்வி: பேஸ் அடிக்கும்போது ஹெட்லைட் மங்குகிறது. 1 ஃபாரட் கெப்பாசிட்டர் வாங்கலாமா?
– வாசகர், சேலம்

பதில்: பணத்தை மிச்சப்படுத்துங்கள். 14-லிருந்து 12 வோல்ட்டுக்கு இறங்கும்போது அது தருவது 26 ஜூல். 500 வாட்ஸ் ஆம்ப்புக்கு அது ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்குகூட வராது. ஆல்டர்னேட்டரிலிருந்து (இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிப்பது) பேட்டரி பிளஸ், பேட்டரி மைனஸிலிருந்து பாடி, இன்ஜினிலிருந்து பாடி ஆகிய மூன்று இடங்களிலும் 4 கேஜ் ஒயரைக் கூடுதலாகப் போடுங்கள், பழையதைக் கழற்ற வேண்டாம். ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் ஒயருக்கும் ஃபியூஸ் வேண்டும், அதன் அளவு ஆல்டர்னேட்டர் ஆம்பியருக்குக் குறையக் கூடாது.

கேள்வி: கம்பெனி ஸ்டீரியோவில் ஆம்ப்பை ஆன் செய்யச் சொல்லும் நீலம்-வெள்ளை ரிமோட் ஒயர் இல்லை. ஆம்ப்பை எப்படி ஆன் செய்வது?
– வாசகர், காரைக்குடி

பதில்: சாவியை ஏசிசி நிலைக்குத் திருப்பினால் மட்டும் 12 வோல்ட் வரும் ஃபியூஸைக் கண்டுபிடித்து, ஃபியூஸ் டேப் (ஃபியூஸ் இடத்தில் செருகித் தனி ஒயர் எடுக்கும் அடாப்டர்) மூலம் 1 அல்லது 2 ஆம்பியர் ஃபியூஸோடு ஆம்ப்பின் ரிமோட் முனைக்கு எடுங்கள். எப்போதும் மின்சாரம் இருக்கும் இடத்தில் கொடுத்தால் ஆம்ப் அணையவே அணையாது. 35 ஏஎச் பேட்டரி உள்ள சிறிய பெட்ரோல் கார் இரண்டு மூன்று நாள் நின்றாலே ஸ்டார்ட் ஆகாமல் போகலாம்.