நெஞ்சு ஏறி இறங்குதே, எப்படிங்க இறந்துட்டான்னு சொல்றது?

வாசகர் கேள்வி-பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் உறுப்பு தானம் பற்றித்தான். எல்லாவற்றுக்கும் இடமில்லை, நான்கை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

என் அக்கா மகன் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு நான்கு நாள் ஐ.சி.யு.வில் இருந்தான். மூளைச்சாவு என்று சொல்லி, உறுப்பு தானம் செய்ய விருப்பமா என்று கேட்டார்கள். கையைத் தொட்டால் சூடாக இருந்தது, நெஞ்சு ஏறி இறங்கியது. அக்கா முடியாது என்று சொல்லிவிட்டாள். நாங்கள் செய்தது தவறா? (வாசகர், அரியலூர்)

தவறே இல்லை. மறுக்க உங்கள் அக்காவுக்கு முழு உரிமை உண்டு, அதற்காக அவரை யாரும் ஒரு சொல் சொல்லக்கூடாது. ஆனால் அவருக்கு யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை என்றுதான் உங்கள் கடிதத்தைப் படித்தால் தோன்றுகிறது.

நெஞ்சு ஏறி இறங்கியது அவன் மூச்சு விட்டதால் அல்ல, வென்டிலேட்டர் காற்றை உள்ளே தள்ளியதால். இதயத்துக்கு ஒரு தனிக் குணம் உண்டு. துடிப்பதற்கு மூளையின் உத்தரவுக்காக அது காத்திருக்காது, தனக்கு வேண்டிய மின்துடிப்பைத் தானே உண்டாக்கிக்கொள்ளும், ஆக்சிஜன் கிடைக்கிறவரை கொஞ்ச காலம் ஓடும். ரத்தம் ஓடுகிறதென்றால் கை சூடாகத்தானே இருக்கும்? கோமா வேறு. அதில் மூளைத்தண்டு, அதாவது மூச்சை இயக்குகிற மூளையின் அடிப்பகுதி, வேலை செய்துகொண்டிருக்கும், சிலர் மீண்டும் வருவார்கள். மூளைச்சாவில் மூளைத்தண்டே போய்விட்டது. முறையாகச் சோதித்து உறுதி செய்த பிறகு அங்கிருந்து திரும்பி வருவது என்று ஒன்று இல்லை.

எப்படிச் சோதிப்பார்கள்? கண்ணில் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள், கருவிழியைப் பஞ்சால் தொடுவார்கள், காதுக்குள் ஐஸ் தண்ணீர் விடுவார்கள். எதற்கும் அசைவு இருக்காது. கடைசியில் ஆக்சிஜனை மட்டும் கொடுத்துக்கொண்டு வென்டிலேட்டரைச் சில நிமிடம் கழற்றிவிட்டு, ரத்தத்தில் கார்பன்-டை-ஆக்சைடு ஏற ஏற ஒரு மூச்சாவது தானாக வருகிறதா என்று நெஞ்சையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். வராது. இத்தனையையும் குறைந்தது 6 மணி நேர இடைவெளி விட்டு இரண்டு முறை செய்து, 4 மருத்துவர்கள் கையெழுத்துப் போட வேண்டும், உறுப்பைப் பொருத்தப்போகும் குழுவைச் சேர்ந்த யாரும் அந்த நால்வரில் இருக்கக்கூடாது. 1994-ஆம் வருட உறுப்பு மாற்றுச் சட்டம் இது. அந்தக் கடைசிச் சோதனையைக் குடும்பத்தில் ஒருவர் நேரில் பார்க்கலாமா என்று கேட்பதில் தவறில்லை. சில இடங்களில் அனுமதிக்கிறார்கள்.

2008-இல் விபத்தில் மூளைச்சாவு அடைந்த திருக்கழுக்குன்றம் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தானம் செய்ய அவன் பெற்றோர் எடுத்த முடிவை இன்றைக்கும் எல்லோரும் பேசுகிறோம். அவன் இதயம் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு 11 நிமிடத்தில் போனது, போக்குவரத்தைப் போலீஸ் நிறுத்திக் கொடுத்தது, எல்லாம் சரி. அந்தப் பெற்றோர் இருவருமே டாக்டர்கள் என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். வென்டிலேட்டர் என்ன செய்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. உங்கள் அக்காவுக்கு அந்த நான்கு நாளில் யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

பாட்டிக்கு 82 வயது. கண்புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறது, சர்க்கரையும் உண்டு. கண் தானம் செய்ய ஆசைப்படுகிறார். எடுத்துக்கொள்வார்களா? (வாசகி, திண்டுக்கல்)

எடுத்துக்கொள்வார்கள். கண்புரை என்பது உள்ளே இருக்கும் லென்ஸின் கோளாறு, தானமாக எடுப்பது முன்னால் இருக்கும் கருவிழியை. அதில் ரத்தக்குழாய் கிடையாது, அதனால் ரத்த வகை பார்க்கிற வேலையும் இல்லை. பாட்டி போன பிறகு செய்ய வேண்டியது கொஞ்சம்தான்: இமையை மூடி, ஈரப் பஞ்சை மேலே வைத்து, தலைக்குத் தலையணை கொடுத்து, முக்கியமாக ஃபேனை நிறுத்திவிட்டு உடனே கண் வங்கிக்குப் போன் செய்யுங்கள். 6 மணி நேரத்துக்குள் அவர்கள் வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்வார்கள், அரை மணிகூட ஆகாது, முகம் கெடாது. பாட்டி இன்றைக்கு அட்டையில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அன்றைக்கு சரி என்று சொல்ல வேண்டியது வீட்டில் இருப்பவர்கள்தான், ஆகையால் உங்கள் சித்தப்பா பெரியப்பா காதிலும் இப்போதே போட்டு வையுங்கள்.

கிட்னியைச் சட்டப்படி விற்க விட்டால் என்ன? வாங்குபவருக்கு உயிர், விற்பவருக்குப் பணம். யாருக்கு நஷ்டம்? (வாசகர், சென்னை)

விற்றவருக்குத்தான். நீங்கள் சென்னைக்காரர், வில்லிவாக்கத்தை ஒரு காலத்தில் ‘கிட்னிவாக்கம்’ என்று சொன்னது உங்களுக்கே தெரிந்திருக்கும். சென்னையில் கிட்னி விற்ற 305 பேரை நேரில் பார்த்து விசாரித்த ஒரு ஆய்வு 2002-இல் வந்தது. 96 சதவீதம் பேர் கடனை அடைக்க விற்றவர்கள். விற்ற பிறகு குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது, முக்கால்வாசிப் பேர் இன்னமும் கடனில்தான் இருந்தார்கள். உடம்பு முன்போல் இல்லை, மூட்டை தூக்குகிறவரால் தூக்க முடியவில்லை, அப்புறம் வருமானம் எங்கிருந்து வரும்? விற்பனையைத் தடுக்கும் சட்டம் இல்லாததால் நடந்தது என்று சொல்லிவிட முடியாது. 2025-இல் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்கள் கிட்னி விற்ற கதை வந்ததே, அங்கேயும் அதே கடன், அதே புரோக்கர். விற்பனையைச் சட்டமாக்கினால் புரோக்கருக்கு ஒரு போர்டு வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். உங்கள் கணக்கில் கந்துவட்டிக்காரன் பெயரைச் சேர்க்காமல் விட்டுவிட்டீர்கள்.

கணவருக்கு டயாலிசிஸ் நடக்கிறது. மாமியார், கொழுந்தனார், நான் மூவருமே ஒரே ரத்த வகை. ஆனால் எல்லோரும் என்னைத்தான் பார்க்கிறார்கள். சம்மதமா என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. இரண்டு சின்னக் குழந்தைகள். பயமாக இருக்கிறது, சொன்னால் என்ன நினைப்பார்கள்? (பெயர் வேண்டாம்)

அம்மா, உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை இது. நம் நாட்டில் உயிரோடு இருக்கும்போது உறுப்பு கொடுப்பவர்களில் பெண்கள்தான் அதிகம், வாங்கிக்கொள்பவர்களில் ஆண்கள் அதிகம். பாசம் என்று மட்டும் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை.

ஒரு கிட்னியோடு நன்றாக வாழலாம் என்பது உண்மை. ஆபத்து குறைவு, ஆனால் இல்லவே இல்லை என்று சொன்னால் அது பொய். இன்னொரு குழந்தை வேண்டுமென்றால் கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தம் ஏற வாய்ப்பு கூடும், அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கொடுக்க விரும்பிக் கொடுத்தால் அது பெரிய விஷயம், நான் தடுக்கவில்லை. விருப்பமில்லை என்றால் ஆபரேஷன் மேஜைக்குப் போகும் நிமிடம் வரை வேண்டாம் என்று சொல்லலாம். வீட்டில் சண்டை வரும் என்று பயந்தால், இவருடையது ஒத்துவராது என்று மட்டும் குடும்பத்தாரிடம் சொல்லி நிறுத்திக்கொள்ளும் டாக்டர்கள் இருக்கிறார்கள். அதற்கு அவருக்கு உங்கள் மனது தெரிய வேண்டும். அடுத்த முறை போகும்போது நர்ஸிடம், டாக்டரிடம் நான் தனியாகப் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். மாமியார் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கட்டும்.