மாணவர் பரிமாற்றத் திட்டத்துக்கு விண்ணப்பிப்பது எப்படி? ட்ரெஸ்டெனுக்கு ஒரு செமஸ்டர் போய் வந்தவனின் பதில்

கேள்வி: பி.ஈ. மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சி.ஜி.பி.ஏ. 8.2. ஜெர்மனிக்கு ஒரு செமஸ்டர் எக்ஸ்சேஞ்ச் போகலாம் என்று கல்லூரியில் சர்க்குலர் வந்திருக்கிறது. இந்த மார்க்குக்குக் கிடைக்குமா? ஏன் போக விரும்புகிறேன் என்று எழுதித் தரும் எஸ்.ஓ.பி.யில் என்ன எழுதுவது?

மார்க் போதும், அதை விடுங்கள். அங்கே நம் மார்க்கை பவேரியன் ஃபார்முலா என்ற ஒரு கணக்கில் போட்டு மாற்றுவார்கள். 10-இலிருந்து உங்கள் மார்க்கைக் கழித்து, 10-க்கும் பாஸ் மார்க்குக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3-ஆல் பெருக்கி, கடைசியில் 1 கூட்ட வேண்டும். உங்கள் கல்லூரியில் பாஸ் 5 என்றால் 8.2 என்பது அங்கே 2.1. பார்த்ததும் வயிற்றைக் கலக்கும். ஆனால் ஜெர்மனியில் 1 தான் உச்சம், 4 வரைக்கும் பாஸ், 5 என்றால் அவுட். 2.1 கௌரவமான மார்க்.

நான் 2018 அக்டோபரில் ஜெர்மனியின் ட்ரெஸ்டென் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு ஏழாவது செமஸ்டரில் போனேன். எனக்கும் அப்போது உங்களைப் போலத்தான் மார்க், எஸ்.ஓ.பி. என்ற இரண்டு கவலைகள். இரண்டுமே பிரச்சினை செய்யவில்லை. பிரச்சினை வந்தது என் கல்லூரியிலிருந்தே.

எக்ஸ்சேஞ்சில் உங்களைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் உங்கள் கல்லூரிதான். அவர்கள் நாமினேட் செய்து பெயரை அனுப்புவார்கள், அதற்கு அப்புறம்தான் அங்கிருந்து ஆன்லைன் விண்ணப்பத்துக்கு லிங்க் வரும். இங்கே பெயர் போய்விட்டால் அங்கே நிராகரிப்பது அபூர்வம். எனவே முதல் வேலையாக உங்கள் கல்லூரியில் வெளிநாட்டுத் தொடர்புகளைக் கவனிக்கும் ஐ.ஆர். ஆபீஸுக்குப் போய் அந்தப் பல்கலைக்கழகத்தோடு போட்ட ஒப்பந்தத்தை, அதாவது எம்.ஓ.யு.வைப் பார்க்கக் கேளுங்கள். பிரின்சிபால் கைகுலுக்கும் போட்டோ எல்லாக் கல்லூரி பிரோஷரிலும் இருக்கும். மாணவர் பரிமாற்றம் என்ற வார்த்தையும், டியூஷன் ஃபீஸ் தள்ளுபடி என்ற வரியும் உள்ளே இருக்கிறதா என்பதே கேள்வி. சில ஒப்பந்தங்களில் "ஆராய்ச்சி ஒத்துழைப்பு" என்பதோடு சரி. வேறு சிலவற்றில் எக்ஸ்சேஞ்ச் என்ற பெயரில் இரண்டு வார சம்மர் ஸ்கூலுக்கு லட்சக்கணக்கில் பணம் கேட்பார்கள். அது டூர், அவ்வளவுதான். இன்னொன்று: பரிமாற்றம் என்றால் அங்கிருந்தும் இங்கே ஆள் வர வேண்டும். யாரும் வராவிட்டால் வருடத்துக்கு வருடம் உங்கள் கல்லூரிக்கான இடம் குறையும். எங்கள் வருடம் இரண்டே இடம்.

இதை ஐரோப்பிய யூனியனின் இராஸ்மஸ் முண்டஸோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது இரண்டு மூன்று நாடுகளில் படிக்கும் முழு மாஸ்டர்ஸ் படிப்பு, பி.ஈ. முடித்துவிட்டு நீங்களே நேரடியாக விண்ணப்பிப்பது. இராஸ்மஸ் பிளஸ் என்பதில்தான் ஒரு செமஸ்டர் பரிமாற்றத்துக்கு உதவித்தொகை உண்டு. 2015-லிருந்து இந்தியா போன்ற நாடுகளுக்கும் அது திறந்திருக்கிறது. ஆனால் உங்கள் கல்லூரியும் அந்தப் பல்கலைக்கழகமும் சேர்ந்து அதை வாங்கியிருந்தால்தான் கிடைக்கும். எங்களுக்கு இல்லை. ஃபீஸ் மட்டும் தள்ளுபடி, சாப்பாடும் வாடகையும் நம் பாடு.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்: லேர்னிங் அக்ரிமென்ட். அங்கே படிக்கும் ஒவ்வொரு பாடமும் இங்கே எந்தப் பேப்பருக்கு ஈடு என்று நீங்கள், உங்கள் கல்லூரி, அந்தப் பல்கலைக்கழகம் என மூன்று தரப்பும் கையெழுத்துப் போடும் தாள். இது சாதாரணமாகத் தெரியும். உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும் சங்கதி. நம் சிலபஸில் ஒரு பேப்பர் என்றால் ஐந்து யூனிட், யூனிட்டுக்கு 9 மணி நேரம், மொத்தம் 45. ஜெர்மன்காரர்களின் மாட்யூல் விவரம் அரைப் பக்கம்தான் இருக்கும்: என்ன கற்பீர்கள் என்று ஒரு பத்தி, எத்தனை கிரெடிட், தேர்வு எத்தனை நிமிடம். யூனிட் என்ற பேச்சே கிடையாது. அதை பிரின்ட் எடுத்துக்கொண்டு எங்கள் துறைத் தலைவர் எச்.ஓ.டி. முன்னால் நின்றேன். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு மேலும் கீழும் பார்த்தார்.

"என்னப்பா, இதுல அஞ்சு யூனிட் எங்க?"

"அங்க யூனிட் கிடையாது சார்."

"யூனிட் இல்லாம எப்படிப் பாடம் நடத்துவாங்க?"

கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். அன்று ராத்திரி அந்தப் பாடத்தின் பேராசிரியருக்கு மெயில் போட்டேன். இரண்டே வரியில் பதில், கூடவே அவருடைய லெக்சர் ஸ்லைடுகளின் பொருளடக்கம். அதை நானே எங்கள் சிலபஸ் வடிவத்தில் ஐந்தாகப் பிரித்து, பக்கத்தில் எங்கள் பேப்பரின் யூனிட்டைப் போட்டு, ஒரே மாதிரி இருக்கும் வரிகளுக்கு மஞ்சள் கோடு போட்டுக் கொடுத்தேன். மூன்று பாடத்துக்கு உடனே கையெழுத்து விழுந்தது. மீதி இரண்டுக்கு, "போய்ட்டு வாப்பா, பாத்துக்கலாம்" என்றார். நானும் சரி சார் என்று வந்துவிட்டேன். அங்கேதான் கோட்டை விட்டேன்.

திரும்பி வரும்போது எச்.ஓ.டி. மாறியிருந்தார். ட்ரெஸ்டெனில் தேர்வுகள் பிப்ரவரியில்தான் நடக்கும், மார்க் பட்டியல் கைக்கு வரவே ஏப்ரல் கடைசி. எக்ஸாம் செல்லில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கையெழுத்து இருக்கும் மூன்றை ஏற்றுக்கொண்டார்கள். மற்ற இரண்டும் அரியர். அதற்குள் அந்த முறைக்கான தேர்வுக் கட்டணத் தேதியும் போய்விட்டது. அங்கே 1.7 வாங்கிய பாடத்தை 2019 நவம்பரில், என் ஜூனியர்களோடு உட்கார்ந்து மறுபடி எழுதினேன். டிகிரி ஆறு மாதம் தள்ளிப்போனது. ஆகவே வாய்வார்த்தை செல்லாது. எழுத்தில், சீலோடு, கிளம்பும் முன்பே வாங்குங்கள். எழுபத்தைந்து சதவீத வருகைக்காக ஒரு செமஸ்டர் முழுக்க ஓ.டி. (கல்லூரி வேலையாக வெளியே போனதாகக் கணக்கு வைக்கும் ஆன் டியூட்டி) கொடுக்கும் உத்தரவும் அதே ஃபைலில் இருக்கட்டும்.

காலண்டரும் நமக்கு ஒத்துவராது. ஜெர்மனியில் குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை, கோடைக்கால செமஸ்டர் ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை. நம்முடையது ஜூலையில் தொடங்கி நவம்பரில் முடியும், அடுத்தது டிசம்பர் அல்லது ஜனவரியில் தொடங்கும். எந்தப் பக்கம் போனாலும் நம் இரண்டு செமஸ்டரிலும் கால் வைத்தாக வேண்டும். ஐந்தாவது செமஸ்டரில் போனால் ஆறாவதும் பாதி போய்விடும். ஏழாவதில் போனால் எட்டாவது புராஜெக்ட்தான் என்பதால் சமாளிக்கலாம், ஆனால் பிளேஸ்மென்ட் காலம் அதுதான். ஆகஸ்ட், செப்டம்பரில் வந்த கம்பெனிகளில் உட்கார்ந்தேன், அதற்கு அப்புறம் வந்தவற்றை வாட்ஸ்அப் குரூப்பில் வேடிக்கை பார்த்தேன். என்னைக் கேட்டால் எட்டாவது செமஸ்டர் புராஜெக்டை அங்கே ஒரு லேபில் செய்யப் போவதுதான் புத்திசாலித்தனம். பாடத்துக்குப் பாடம் ஈடு காட்டும் தொல்லையே இல்லை. உங்கள் எம்.ஓ.யு. அதற்கு இடம் கொடுக்கிறதா என்று கேளுங்கள்.

சரி, எஸ்.ஓ.பி. என் முதல் டிராஃப்ட் "சிறு வயது முதலே இயந்திரங்கள் மீது எனக்குத் தீராத ஆர்வம்" என்று தொடங்கியது. ஒரு சீனியர் அக்கா முதல் பத்தி மொத்தத்தையும் அடித்துவிட்டு, "உங்க வீட்ல என்ன ஓடுது, அதை எழுது" என்றார். எங்கள் ஊர் குமாரபாளையம். வீட்டுக்குப் பின்னால் எட்டு விசைத்தறி. ட்ரெஸ்டெனில் ஜவுளி இயந்திரங்களுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. கார்பன் இழையை நெய்து, இரும்புக் கம்பிக்குப் பதிலாக கான்கிரீட்டுக்குள் வைக்கும் ஆராய்ச்சிக்குப் பெயர் போன ஊர் அது. அதனால் இப்படித் தொடங்கினேன்: எங்கள் தறியில் பருத்தி நூல் ஒரு ஷிஃப்டில் எத்தனை முறை அறுகிறது என்று நான் எண்ணியிருக்கிறேன், கார்பன் இழை எப்படி அறுகிறது என்று பார்க்க வேண்டும். மொத்தம் ஒன்றரைப் பக்கம். எந்தப் பாடம், எந்த லேப், அது ஏன் என் கல்லூரியில் இல்லை என்பதோடு முடித்துவிட்டேன். ஜெர்மனியின் வரலாறு, பொருளாதாரம் எல்லாம் அவர்களுக்கே தெரியும்.

பாடங்களைத் தேடும்போது மொழியைப் பாருங்கள். அங்கே பி.ஈ. அளவிலான பாடங்கள் பெரும்பாலும் ஜெர்மனில்தான் இருக்கும், ஆங்கிலம் அதிகமும் மாஸ்டர்ஸில். நான் எடுத்ததும் அதிகமாக மாஸ்டர்ஸ் பாடங்களே. பல இடங்களில் ஐ.ஈ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வைக் கேட்க மாட்டார்கள், பயிற்று மொழி ஆங்கிலம் என்று கல்லூரி கொடுக்கும் கடிதமே போதும். பணம் கட்டும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

செலவு பற்றிச் சுருக்கமாக. விசாவுக்கு பிளாக்டு அக்கவுண்ட் காட்ட வேண்டும், அதாவது அங்கே தங்கும் செலவை முன்கூட்டியே போட்டு முடக்கி வைக்கும் கணக்கு. அப்போது மாதம் 720 யூரோ, ஆறு மாதத்துக்கு 4,320, அன்றைய மதிப்பில் கிட்டத்தட்ட மூன்றரை லட்சம். அம்மாவின் நகை பேங்குக்குப் போனது. இப்போது அது மாதம் 992 யூரோ. பணம் நம்முடையதுதான், அங்கே போனதும் மாதாமாதம் நம் கைக்கே வரும். செமஸ்டர் கட்டணம் தனி. அதிலேயே டிராம், பஸ் பாஸ் அடங்கிவிடும்.

கடைசியாக, இன்றே எடுத்துப் பார்க்க வேண்டியது பாஸ்போர்ட். மார்க்‌ஷீட்டில் நம் பெயருக்கு முன்னால் இனிஷியல் ஓர் எழுத்தாக இருக்கும், பாஸ்போர்ட்டில் அதே இனிஷியல் அப்பா பெயராக விரிந்து, சர்நேம் கட்டத்தில் போய் உட்கார்ந்திருக்கும். விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே போடுங்கள், இரண்டும் ஒரே ஆள்தான் என்று கல்லூரியில் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். ட்ரெஸ்டெனில் ஹாஸ்டல் தபால்பெட்டியில் ஆறு மாதமும் ஒட்டியிருந்தது அப்பா பெயர்தான். அதை போட்டோ எடுத்து அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"அப்ப அந்த ரூமு எம்பேர்ல இருக்குதா கண்ணு? வாடகையும் நாந்தான் கட்டோணுமா?"