ஏற்காட்டு பாக்டீரியாவுக்குப் பெயர் வைப்பது எப்படி?

கேள்வி: ஏற்காடு காபித் தோட்ட மண்ணிலிருந்து ஃபிளாவோபாக்டீரியம் பேரினத்தைச் சேர்ந்த ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தேன். 16எஸ் மரபணு (பாக்டீரியாக்களை அடையாளம் காண ஒப்பிடும் மரபணு), நெருங்கிய இனத்தோடு 98.2 சதவீதம்தான் ஒத்துப்போகிறது. ‘யெர்காடென்சிஸ்’ என்று பெயர் வைத்து ஏதாவது ஆய்விதழில் வெளியிட்டால் போதுமா?
– ஆராய்ச்சி மாணவி, சேலம்

பதில்: போதாது. கட்டுரை எழுத உட்காரும் முன் கல்ச்சரை (வளர்த்தெடுத்த உயிருள்ள பாக்டீரியாவை) ஒப்படைக்கும் வேலையைத் தொடங்குங்கள். பெரும்பாலான பெயர்கள் தாமதமாவது இங்கேதான். டைப் ஸ்ட்ரெயினை, அதாவது பெயருக்கு ஆதாரமாக நிற்கும் கல்ச்சரை, வெவ்வேறு நாடுகளில் உள்ள குறைந்தது இரண்டு பொதுக் கல்ச்சர் சேமிப்பகங்களில் வைத்தாக வேண்டும். 2001 முதல் இது கட்டாயம். சண்டிகரில் எம்டிசிசி, புனேயில் எம்சிசி இருக்கின்றன. இரண்டாவதற்கு ஜெர்மனியின் டிஎஸ்எம்இசட், ஜப்பானின் ஜேசிஎம் போன்றவற்றை நாடலாம். வெளிநாட்டுக்கு அனுப்பும் முன் பல்லுயிர்ச் சட்டப்படி என்ன அனுமதி வேண்டும் என்று சென்னையில் உள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்திடம் எழுதிக் கேட்டு வாங்கிவிடுங்கள். கேட்பவர் யாருக்கும் கட்டுப்பாடின்றி அந்தக் கல்ச்சர் கிடைக்க வேண்டும் என்பது விதி. கிடைக்காத உயிரியை வைத்து உங்கள் முடிவை யாரும் சரிபார்க்க முடியாது. சேமிப்பகம் சோதிக்கச் சொல்லி கல்ச்சரைத் திருப்பி அனுப்பினால், மீண்டும் 16எஸ் வரிசை எடுத்து ஒப்பிடுங்கள்; கலப்படம் அப்போதுதான் வெளிப்படும்.

உங்கள் 98.2 நல்ல அறிகுறி. புது இனமாக இருக்கலாம் என்று கருத, வழக்கமான எல்லையான 98.7-க்குக் கீழே வர வேண்டும். ஆனால் ஒரே பக்கம் படித்த 700 டிஎன்ஏ எழுத்து வரிசையில் வந்த எண்ணானால் அதை நம்பாதீர்கள். இரு பக்கமும் படித்து 1,400 எழுத்துக்கு மேல் எடுத்து, டைப் ஸ்ட்ரெயின்களோடு மட்டும் ஒப்பிடுங்கள். அடுத்து முழு ஜீனோம், அதாவது உயிரியின் மொத்த டிஎன்ஏ வரிசை. நெருங்கிய இனங்களோடு ஏஎன்ஐ (ஜீனோம்களின் சராசரி ஒற்றுமை) 95–96 சதவீதத்துக்குக் கீழும், கணினி வழி டிஎன்ஏ ஒப்பீடு 70 சதவீதத்துக்குக் கீழும் வந்தால் புது இனம் என்று வாதிடலாம்.

பெயரையும் திருத்த வேண்டும். ஃபிளாவோபாக்டீரியம் லத்தீனில் அஃறிணைப் பால். அதனால் ‘யெர்காடென்சே’ என்றுதான் முடிய வேண்டும். பேசில்லஸாக இருந்தால் ‘-என்சிஸ்’ பொருந்தியிருக்கும். அதே பேரினத்தில் அந்தப் பெயர் ஏற்கெனவே உண்டா என்று பாக்டீரியாப் பெயர்களைப் பட்டியலிடும் எல்பிஎஸ்என் தளத்தில் தேடிவிடுங்கள்.

வெளியீட்டுக்கு இரண்டு வழி உண்டு: பாக்டீரியாப் பெயர்களுக்கான அதிகாரபூர்வ இதழான ஐஜேஎஸ்இஎம்மிலேயே கட்டுரை வரலாம், வேறு இதழில் வந்தால் அதன் பிரதியையும் இரண்டு சேமிப்பகச் சான்றிதழ்களையும் ஐஜேஎஸ்இஎம்முக்கு அனுப்பி, அது வெளியிடும் செல்லுபடிப் பட்டியலில் இடம்பெறச் செய்யலாம். அதுவரை பெயருக்கு விதிப்படி நிலை இல்லை, முன்னுரிமையும் பட்டியல் வெளியான நாளிலிருந்தே. இதற்கிடையில் வேறொருவர் அதே உயிரிக்கு வைத்த பெயர் முந்திக்கொள்ளலாம். பாக்டீரியாப் பெயரிடலுக்கான இந்த விதித்தொகுப்பைக் காப்பது புரோகேரியோட்டு (பாக்டீரியா போன்ற உட்கரு இல்லாத உயிரிகள்) வகைப்பாட்டுக்கான சர்வதேசக் குழு. தகராறுகளை அதன் நீதி ஆணையம் தீர்க்கும். சால்மோனெல்லாப் பெயர்க் குழப்பம் 2005-இல் அப்படித்தான் முடிந்தது.

வளர்க்கவே முடியாத பாக்டீரியாவானால் 2022-இல் வந்த சீக்கோட் என்ற தனிப் பெயரிடல் விதித்தொகுப்பு உதவும். அதில் ஜீனோம் வரிசையே டைப். உங்களுடையது தட்டில் வளர்கிறதே, அந்தப் பக்கம் போக வேண்டாம். 20 சதவீத கிளிசரால் கலந்து மைனஸ் 80 டிகிரியில் இன்றே சில குப்பிகளை வையுங்கள்.