பூனை இருக்கும் வீட்டுக்குச் சிப்பிப்பாறையா?

வயதான இரண்டு பூனைகள் இருக்கும் வீட்டுக்குச் சிப்பிப்பாறை நாய்க்குட்டி வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானாக இருந்தால் வாங்க மாட்டேன். சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் வேட்டைக்கென்று வளர்க்கப்பட்ட நாய் இனங்கள். கண்ணெதிரே ஓடுவதைத் துரத்துவது அவற்றின் ரத்தத்தில் ஊறியது. கூடத்தில் பூனையோடு படுத்துத் தூங்கும் அதே நாய், கொல்லையில் அந்தப் பூனை ஓடினால் முயலாகத்தான் பார்க்கும். குட்டியிலிருந்தே பழகிச் சாதுவானவையும் உண்டு. ஆனால் நீங்கள் பணயம் வைப்பது பூனையின் உயிரை.

காப்பகத்தில் பூனைகளோடு ஏற்கெனவே பழகிய, மூன்று நான்கு வயதான நாட்டு நாய் கிடைக்குமா என்று விசாரியுங்கள். அழகு பார்க்காதீர்கள், குணத்தைப் பாருங்கள். வாரில் பிடித்தபடி சற்றுத் தள்ளிப் பூனையைக் காட்டச் சொல்லுங்கள். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால் நல்ல அறிகுறி. உடல் விறைத்து, வெறித்துப் பார்த்து, கூப்பிட்டாலும் திரும்பாவிட்டால் அது உங்கள் வீட்டுக்கானதல்ல. குரைப்பதைவிட அந்த மௌனம்தான் ஆபத்து.

குட்டிதான் வேண்டுமென்றால் பிறந்து 14 வாரங்கள் ஆவதற்குள் பூனைகளோடு பழக்கத் தொடங்கிவிடுங்கள்.

எந்த நாய் வந்தாலும் முதல் சில வாரங்கள் தனியறை. பூனைகளுக்கு நாய் எட்டாத பரணோ அலமாரியோ கட்டாயம். பூனைச் சோற்றையும் மேலேயே வையுங்கள், இல்லாவிட்டால் தட்டு நொடியில் காலியாகிவிடும்.