பெயரைக் கேட்டீர்கள், ஆர்வத்தைச் சொல்லவில்லையே!

கேள்வி: தொழில்நுட்பம் பற்றி எழுதுகிறவர்கள் இன்று எக்கச்சக்கம். பாதி எனக்குப் புரிவதில்லை, மீதி தேவைப்படுவதில்லை. என் ஆர்வத்துக்குப் பொருத்தமான, நம்பிப் படிக்கக்கூடிய ஒரே ஓர் எழுத்தாளரின் பெயரைச் சொல்லுங்களேன்?

பதில்: தாராளமாகச் சொல்லலாம். ஆனால் 'என் ஆர்வம்' என்று எழுதிய நீங்கள், அது என்ன என்று கடிதத்தில் எங்கேயும் எழுதவில்லை. எங்கே வலிக்கிறது என்று சொல்லாமல் நல்ல மாத்திரையாக ஒன்று கொடுங்கள் என்று கேட்டால், மருத்துவர் என்ன செய்வார்?

வால்ட் மாஸ்பெர்க் 1991-இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் என்ற அமெரிக்க நாளிதழில் பத்தி எழுதத் தொடங்கினார். கணினியைப் பயன்படுத்துவது ரொம்பக் கஷ்டம், அது உங்கள் குற்றம் இல்லை என்பதுதான் முதல் வரியின் சாரம். யாருக்காக எழுதுகிறார் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. பெட்டியைப் பிரித்து வைத்தால் சாமானியருக்கு அது வேலை செய்கிறதா, இல்லையா? அதுதான் அவர் கவலை. ஆனந்த் லால் ஷிம்பி 1997-இல், 14 வயதில் தொடங்கிய ஆனந்த்டெக் என்ற இணையதளம் இதற்கு நேர் எதிர். புதிய சிப் ஒன்று வந்தால் அதன் உள்ளமைப்பு, வேகம், அது இழுக்கும் மின்சாரம் என்று பக்கம் பக்கமாகப் போகும். இணையத் திருட்டுகளைத் துப்பறிந்து எழுதும் பிரையன் கிரெப்ஸ் இந்த இரண்டிலும் சேராதவர். 2013 டிசம்பரில் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் சுமார் 4 கோடி வங்கி அட்டைகளின் விவரம் திருடு போனபோது, நிறுவனம் வாய் திறப்பதற்கு முன்பே அதை வெளியே கொண்டுவந்தவர்.

மூவருமே தொழில்நுட்ப எழுத்தாளர்கள்தான். ஆனால் மாஸ்பெர்கை ரசித்துப் படித்தவருக்கு ஆனந்த்டெக்கின் இரண்டாம் பக்கத்தில் கண் சொருகியிருக்கும். புது போன் வாங்க யோசனை கேட்டு கிரெப்ஸிடம் போனால், இருக்கிற போனையும் அணைத்து வைத்துவிடலாமா என்று தோன்றும். இதில் யார் பெரியவர் என்ற பேச்சுக்கே இடமில்லை. (இவர்களைப் படியுங்கள் என்று சொல்லவும் வரவில்லை. மாஸ்பெர்க் 2017-இல் ஓய்வு பெற்றுவிட்டார், ஆனந்த்டெக்கும் 2024-இல் கடையைக் கட்டிவிட்டது.)

ஆக, முதல் வேலை உங்களுடையது. போன மாதம் எந்தக் கட்டுரையைக் கடைசி வரி வரைக்கும் படித்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். படிக்க வேண்டும் என்று எடுத்து வைத்ததைக் கேட்கவில்லை, படித்து முடித்ததைக் கேட்கிறேன். செயற்கை நுண்ணறிவில் ஆர்வம் என்று சொல்லிக்கொள்வோம். உண்மையில் ஆவலோடு படித்தது எந்த கேமரா நன்றாக இருக்கிறது என்பதாக இருக்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கேமராவைப் பற்றி நன்றாக எழுதுகிறவரைத் தேடிப் போங்கள்.

தேடும்போது இன்று வந்த கட்டுரையைப் பார்க்காதீர்கள், பழையதைப் பாருங்கள். நீங்களே இரண்டு மூன்று வருடம் பயன்படுத்திய பொருள் ஒன்று இருக்குமே, அது வந்த புதிதில் அவர் என்ன எழுதினார்? அதன் நல்லது கெட்டது உங்களுக்கு அத்துப்படி என்பதால், யாரும் உங்களை ஏமாற்ற முடியாத இடம் அது ஒன்றுதான்.

இங்கே கொஞ்சம் நியாயமும் பார்க்க வேண்டும். விமர்சகர்களுக்குப் பொருளை முன்கூட்டியே கொடுத்து, இன்ன தேதி இன்ன மணிக்குத்தான் வெளியிடலாம் என்று நிறுவனங்கள் நிபந்தனை போடுவது வழக்கம். கையில் இருப்பது சில நாள்தான். 2016 ஆகஸ்டில் சாம்சங்கின் கேலக்ஸி நோட் 7 வந்தபோது பாராட்டு மழை பொழிந்தது. சில வாரங்களில் பேட்டரி தீப்பிடிக்க, அக்டோபரில் உற்பத்தியையே நிறுத்தினார்கள். பாராட்டியவர்கள் எல்லாரும் பொய்யர்களா? இல்லை. ஒரு வாரத்தில் தெரியக்கூடியது அவ்வளவுதான். நான் பார்ப்பது அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார் என்பதை. ஆப்பிள் 2015-இல் மேக்புக்கில் கொண்டுவந்த மெல்லிய விசைப்பலகையில், நாளாக ஆக விசைகள் அழுத்தினால் விழாமலும் ஒன்றுக்கு இரண்டாக விழுந்தும் படுத்தின. 2019-இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னலின் ஜோனா ஸ்டெர்ன், அந்த விசைப்பலகை விழுங்கிய எழுத்துகளையெல்லாம் விட்டுவிட்டு, ஓட்டை ஓட்டையாகவே ஒரு பத்தியை வெளியிட்டார். விற்று முடிந்த பொருளிடம் இப்படித் திரும்பி வருகிறவர் கிடைத்தால் விடாதீர்கள்.

பணத்தைப் பற்றியும் கேட்டிருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். கட்டுரையில் உள்ள இணைப்பைச் சொடுக்கி நீங்கள் பொருளை வாங்கினால் எழுதியவர் தரப்புக்குக் கமிஷன் போவது சகஜம். அதை வெளிப்படையாகச் சொல்கிறாரா, எப்போதாவது 'இதை வாங்காதீர்கள்' என்கிறாரா என்று பாருங்கள். பல மாதக் கட்டுரைகளில் ஒருமுறைகூட அப்படிச் சொல்லவில்லை என்றால், அவர் விற்பனைப் பிரிவில் இருக்கிறார் என்றே வைத்துக்கொள்ளலாம்.

'பாதி புரிவதில்லை' என்கிறீர்கள். கலைச்சொல்லை விளக்காமல் அடுக்கிக்கொண்டே போகிறவரைத் தயங்காமல் விட்டுவிடுங்கள். ஆனால் எல்லாமே புரிகிறது என்றால் அவரிடம் உங்களுக்குப் புதிதாக ஒன்றும் இல்லை, அதையும் கவனியுங்கள். அப்புறம், அந்த 'ஒரே ஓர்' எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு பேரை வைத்துக்கொள்ளுங்கள், அடிக்கடி ஒத்துப்போகாத இரண்டு பேராக.

நீங்கள் கடைசியாக முழுதாகப் படித்த கட்டுரை எது, ஏன் பிடித்தது என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள், அப்போது பெயர் சொல்கிறேன். அதுவரை எங்கள் இதழின் தொழில்நுட்பப் பக்கத்தை எழுதுகிறவரை வைத்தே இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம். அவரிடம் நான் சொல்லவில்லை, நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.