தாவினாரா, உலுக்கினார்களா?

கேள்வி: மந்திரியாக இருந்துவிட்டு நீதிபதி பதவிக்குத் தாவிய வி.ஆர். கிருஷ்ணய்யரை இன்னும் கொண்டாடுகிறீர்களே, அரசியல்வாதியிடம் நடுநிலையை எதிர்பார்க்க முடியுமா? – ஒரு வாசகர், தேனி.

பதில்: 'தாவிய' என்ற இடத்திலேயே தடுக்கி விழுந்துவிட்டேன். நடுநிலை வரைக்கும் போய்ச் சேருவேனா, தெரியவில்லை.

எங்கள் தெருவில் ஒரு குரங்கு இருக்கிறது. முருங்கையிலிருந்து மொட்டை மாடிக்கு, மாடியிலிருந்து வடாம் காயும் வேட்டிக்கு. நடுவில் மூன்று வருடம் தரையில் உட்கார்ந்து வக்கீல் தொழில் பார்த்து நான் கண்டதில்லை. கிருஷ்ணய்யர் பார்த்தார். 1965 தேர்தலில் தோற்றவர், கேரள உயர் நீதிமன்ற நீதிபதியானது 1968 ஜூலையில். கிளையை உலுக்கியவர்கள் வாக்காளர்கள். அவர் தாவவே இல்லை.

தாவல் என்றால் அஸ்ஸாமின் பஹருல் இஸ்லாமைப் பாருங்கள். காங்கிரஸின் மாநிலங்களவை உறுப்பினர், 1972இல் உயர் நீதிமன்ற நீதிபதி. அங்கே ஓய்வு பெற்றபின் 1980இல் உச்ச நீதிமன்றம். 1983இல் அதையும் உதறிவிட்டு மறுபடி காங்கிரஸ், மறுபடி மாநிலங்களவை! எங்கள் குரங்குக்குக்கூட திரும்பி வரும் வழி இவ்வளவு துல்லியமாகத் தெரியாது.

கிருஷ்ணய்யர் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். (பெயரில் எழுதுவது ஐயரா அய்யரா என்று சண்டைக்கு வரும் பழைய நண்பர் இந்த வாரமாவது ஓய்வெடுக்கட்டும்.) 1948இல் ஒரு மாதம் சிறையில் இருந்தார். 1957இல் கேரளத்தின் கம்யூனிஸ்ட் முதல்வர் இ.எம்.எஸ். அமைச்சரவையில் சிறைத்துறையும் அவரிடமே வந்தது. பிற்பாடு அவர் உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தபோது, திகார் சிறையில் சக கைதிக்கு நடந்த கொடுமையைப் பற்றி ஒரு கைதி எழுதிய கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. ம.பி.யில் ஒரு கொத்தனாருக்கு 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டார்கள். ஜாமீன் நிற்க வந்த சகோதரனின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறதாம், செல்லாதாம். 1,000 ரூபாய் சொந்த ஜாமீனில் விடச் சொன்னார் கிருஷ்ணய்யர். கைதிக்கும் வார்டருக்கும் நட்டநடுவில் நாற்காலி போடுவதுதான் நடுநிலை என்றால், அது அவரிடம் கிடையாது. கைதிப் பக்கம் ஒரு முழம் தள்ளித்தான் போட்டார்.

சரி, நீங்கள் கேட்கும் நடுநிலைக்கும் ஒரு நாள் வந்தது. 1959இல் அவர் இருந்த அமைச்சரவையை மத்திய அரசு கலைத்தபோது காங்கிரஸ் தலைவர் இந்திரா காந்தி. அடுத்த தேர்தலில் கிருஷ்ணய்யர் தோற்றது 7 வாக்குகளில். வழக்குப் போட்டுத்தான் மீண்டார். 1975 ஜூனில் அதே இந்திரா, தான் எம்.பி.யாக வென்ற தேர்தல் செல்லாது என்ற அலகாபாத் உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குத் தடை கேட்டு உச்ச நீதிமன்றத்தின் விடுமுறைக்கால நீதிபதியின் முன் வந்தார். விடுமுறைக்கால நீதிபதி கிருஷ்ணய்யர்! பழைய கணக்கைத் தீர்க்க இதைவிட நல்ல நாள் யாருக்கு வாய்க்கும்? பிரதமராக நீடிக்கலாம், அவையில் பேசலாம், எம்.பி.யாக வாக்களிக்கக் கூடாது என்று 24ஆம் தேதி உத்தரவிட்டார். இரு தரப்புக்கும் திருப்தி இல்லை. மறுநாள் இரவு நெருக்கடி நிலை.

எனக்கு அவர்மேல் ஒரே மனத்தாங்கல், அந்த ஆங்கிலம். ஏழைக்காக எழுதிய தீர்ப்பை ஏழையின் வக்கீலே அகராதியோடுதான் படிக்க வேண்டும். தீர்ப்புகள் தமிழில் வேண்டும் என்று இந்தப் பக்கத்தில் முன்பு எழுதியபோது, எனக்கு ஆங்கிலம் தெரியாது என்று ஒரு வழக்கறிஞர் மூன்று பக்கம் எழுதி அனுப்பினார். மூன்று பக்கமும் ஆங்கிலம். அவருக்கு நான் இன்னும் பதில் போடவில்லை. அகராதி பைண்டிங்குக்குப் போயிருக்கிறது.