தாத்தா விமானியா? 31 விநாடிக்கு, ஆமாம்

கேள்வி: நாஜி ஆட்சியில் கிளைடர் (எஞ்சின் இல்லாத விமானம்) பயிற்சி எடுத்த உறவினரைப் பற்றித் தேட எங்கே தொடங்குவது?

வீட்டுப் பரணில் தொடங்குங்கள். நான் இருப்பது ஜெர்மனியில், மனைவி இந்த ஊர்க்காரர். அவருடைய தாத்தா, 1926-இல் பிறந்தவர், போரில் விமானம் ஓட்டினார் என்றுதான் இந்த வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். பரணில் ஒரு பிஸ்கட் டப்பாவில் அவருடைய பறப்புப் பதிவேடும், நீல வட்டத்துக்குள் ஒரே ஒரு வெள்ளைக் கடற்காக்கை போட்ட சின்ன பேட்ஜும் கிடைத்தன.

அந்தக் காக்கை எத்தனை என்று முதலில் எண்ண வேண்டும். ஒன்று என்றால் கிளைடர் பறப்பில் 'ஏ' தேர்வு, அதாவது 30 விநாடி நேராகப் பறந்து இறங்கினால் போதும், இரண்டு 'பி', மூன்று 'சி'. தாத்தா பறந்தது 31 விநாடி! மாமனார் கடிகாரத்தைப் பார்த்து எண்ணிவிட்டு, "இவ்வளவுதானா?" என்றார்.

ஆனால் அந்த 31 விநாடியைக் குறைத்துச் சொல்லக் கூடாது. வண்டி எஸ்ஜி 38 என்ற பயிற்சி கிளைடர், திறந்த மரச்சட்டம், ஒரே இருக்கை, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. மலைச்சரிவில் நிறுத்தி, ரப்பர் கயிற்றை இரண்டு பக்கமும் பையன்கள் இழுத்துக்கொண்டு ஓட, வாலைப் பிடித்திருப்பவர்கள் விட்டதும் கவண்கல் மாதிரி கிளம்பும், கீழே இறங்கியதை அதே பையன்கள் திரும்ப மேலே இழுத்து வர வேண்டும், ஒரு நாளில் பாதி இதிலேயே போய்விடும்.

இனிமேல்தான் சங்கடமான பகுதி. ஏட்டில் இருந்த முத்திரையில் இறக்கை கட்டிய மனிதன், கூடவே ஸ்வஸ்திகா. அது 1937-இல் தொடங்கிய நாஜி பறப்புப் படையின் சின்னம். கிளைடர் கழகங்களை எல்லாம் அதற்குள் கொண்டுவந்துவிட்டார்கள், ஹிட்லர் இளைஞர் அணியின் பறப்புப் பிரிவுப் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்ததும் அதுதான். "சும்மா பறக்க ஆசைப்பட்டார்" என்று மாமனார் இரண்டு மூன்று தடவை சொன்னார். ஆசை நிஜமாகவே இருந்திருக்கும், ஆனால் லுஃப்ட்வாஃபேக்கு, அதாவது ஜெர்மன் விமானப்படைக்கு, ஆள் பிடிக்க நாஜிகளுக்கு வேண்டியதும் அதே ஆசைதானே.

அப்புறம் பெர்லினுக்கு எழுதினோம். போர்வீரர் விவரங்களை வைத்திருந்த பழைய அலுவலகம் 2019-இல் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தோடு சேர்ந்துவிட்டது, நாஜி கட்சி உறுப்பினர் அட்டைகளும் அதே காப்பகத்தில்தான். முழுப்பெயர், பிறந்த தேதி, ஊர், மூன்றும் கட்டாயம் எழுதுங்கள். பதில் வர மாதக்கணக்கில் ஆகும். லுஃப்ட்வாஃபே ஆள் கோப்புகளில் பெரும்பகுதி போர் முடிவில் அழிந்துபோனவை, அதனால் பெரிய கட்டாக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

எங்களுக்கு வந்தது ஒரே தாள்: 1944-இல் காலாட்படை, பிறகு போர்க்கைதி முகாம். 1943-இல் என்ன செய்தார் என்பது பள்ளிச் சான்றிதழில் இருந்தது. அந்த வருஷம் 1926, 1927-இல் பிறந்த மாணவர்களை வகுப்போடு விமான எதிர்ப்புப் பீரங்கிக்கு அனுப்பினார்கள், அதில் இவரும் ஒருவர். விமானம் ஓட்டியதாக எங்கேயும் ஒரு வரிகூட இல்லை.

ஏட்டில் பயிற்சியாளர் கிறுக்கியிருந்தது பழைய ஜெர்மன் கையெழுத்து, மனைவியாலேயே படிக்க முடியவில்லை. தொண்ணூறு தாண்டிய பக்கத்து வீட்டுப் பாட்டி கண்ணாடியைக்கூடத் தேடாமல் படித்துச் சொன்னார்: "தரையிறங்கியது கொஞ்சம் முரட்டுத்தனம்."